பதிவேட்டில் இல்லாத மணி

2025 ஏப்ரல், மாங்காய் லாரிகள் ஓடத் தொடங்கியிருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். உட்கார்ந்த பெஞ்சின் பக்கவாட்டில் வெள்ளை பெயின்டில் ஏதோ எழுதியிருந்தது. பாதி தேய்ந்திருந்தாலும் படிக்க முடிந்தது: ஊ.ஒ.ந.நி. பள்ளி. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்பதன் சுருக்கம். அதற்கு அடுத்து ஊர்ப்பெயர் இருந்த இடத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள். அதற்கும் கீழே 14/30 என்று ஒரு எண். முப்பது பெஞ்சுகளில் பதினான்காவது. நல்ல மரம். ஐம்பது வருடம் பிள்ளைகள் தேய்த்து வழவழப்பாக்கிய பலகை. அதன் மேல் இப்போது பஜ்ஜித் தட்டும் எண்ணெய்க் காகிதமும்.

கடைக்காரரிடம் கேட்டேன். "வாங்கினதுங்க, ரெண்டு வருசமாச்சு" என்றார். யாரிடம் என்று கேட்டதற்கு டீயை ஆற்றிக்கொண்டே வேறு பக்கம் திரும்பிவிட்டார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. மனதுக்குள் ஒரு கதை தயாராகிவிட்டது: பள்ளிக்கூடத்துப் பெஞ்சை யாரோ ராத்திரியில் தூக்கிக்கொண்டு வந்து விற்றிருக்கிறார்கள், பெயரைச் சுரண்டியவனுக்கு எண்ணைச் சுரண்ட நேரமில்லை.

போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அக்கா என்றால் பெரியம்மா மகள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. நாங்கள் இரண்டு பேரும் படித்ததும் அதே பள்ளியில்தான். 'திருட்டுப் பெஞ்சு பார்த்தாயா' என்று விளையாட்டாகத்தான் எழுதினேன். ராத்திரி பத்தரைக்கு போன் வந்தது.

"டேய், அது நம்ம பள்ளிக்கூடத்து பெஞ்சாடா? நம்பரை சரியா பாத்தியா? பதினாலா, நாப்பத்தி நாலா?"

பதினாலுதான் என்றேன். "முப்பதுன்னா நம்மளது கிடையாது. நம்மகிட்ட இருவத்தி ஆறு" என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டாள். திருட்டை நினைத்துப் பதறுகிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவள் பதறியது தணிக்கையை நினைத்து என்பது மே மாதம்தான் புரிந்தது.

ஒப்படைப்பு

மே 31-ஆம் தேதி அக்காவுக்கு ஓய்வு. அதற்கு முன்னால் பொறுப்பை அடுத்த மூத்த ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். இருப்புப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் காட்டி, எண்ணிக்கை சரி என்று கையெழுத்து வாங்க வேண்டும். குறைந்தால் அவள் பொறுப்பு. ஓய்வூதியக் காகிதம் நகராமல் ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்துகொள்ளும் என்ற பயம். "நீதான் ஓசூர் கம்பெனியில ஸ்டோர்ஸ் பாக்கிற. எண்ணத் தெரியும்ல, வா" என்றாள். மூன்று நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

எண்ணுவதுதான் என் தொழில், உண்மை. எங்கள் கம்பெனியில் மூன்று மாதம் அசையாத பொருளின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவோம். அடுத்த கூட்டத்தில் 'யாருக்காவது வேண்டுமா' என்று ஒரு கேள்வி. யாரும் வாய் திறக்காவிட்டால் அந்த மாதமே ஸ்கிராப். இந்தப் பழக்கத்தோடு போனவனுக்கு அந்த அறை என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பள்ளியில் ஆறாம் வகுப்பு வராண்டாவில் நடக்கிறது. ஆறாம் வகுப்பு அறையில் உடைந்த நாற்காலிகள் குடியிருக்கின்றன. கதவைத் திறந்ததும் எலிப்புழுக்கை வாசனை. சுவர் ஓரமாகக் கூரை வரைக்கும் அடுக்கு. மேலிருந்து கீழே இறங்க இறங்க வருடங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே 2018-இல் பாடத்திட்டம் மாறியபோது மிஞ்சிய பழைய புத்தகங்கள், முப்பருவ முறையில் வந்தவை, கட்டுப் பிரிக்காமல் அப்படியே. அதற்குக் கீழே செயல்வழிக் கற்றலின் அட்டைகளும் பிளாஸ்டிக் தட்டுகளும். 2007 வாக்கில் ஏணிப்படி ஏணிப்படி என்று ஊரெல்லாம் பேசினார்களே, அது. 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததும் இதற்கு வேலை போய்விட்டது. அப்புறம் தொப்பை வைத்த கம்ப்யூட்டர் மானிட்டர்கள் நான்கு. அவற்றுக்கும் அடியில் டி.பி.இ.பி., அதாவது மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம், என்று முத்திரை குத்திய விளக்கப் படங்கள். 1994-இல் தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் முதலில் வந்த சில மாவட்டங்களில் பிரியாத தருமபுரியும் ஒன்று. பெண் கல்வியில் அவ்வளவு பின்தங்கியிருந்தோம்.

அடியோ அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. 1987-இல் மத்திய அரசு கொண்டுவந்த கரும்பலகைத் திட்டத்தில் வந்தது. பூட்டு துருவேறி இறுகிவிட்டதால் சுத்தியலால் அடித்துத் திறந்தேன். உள்ளே ஒரு டோலக், ஒரு ஜோடி ஜால்ரா, சின்னத் தராசு, எடைக்கற்கள், ஒரு பூதக்கண்ணாடி. டோலக்கின் தோலை எலி தின்றுவிட்டிருந்தது. ஜால்ரா இரண்டையும் சேர்த்துக் கட்டிய தொழிற்சாலைக் கயிறுகூட அவிழவில்லை. நானும் அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஒரு நாள்கூட அந்த டோலக்கின் சத்தத்தைக் கேட்டதில்லை.

"இதை ஏன்க்கா பிள்ளைங்களுக்குக் குடுக்கல?"

"எனக்கு முன்னாடி இருந்த சார் சாவியைக் குடுக்கும்போதே சொன்னாரு. அம்மா, அந்தப் பெட்டியைத் தொறக்காதீங்க, தொறந்தா உடையும், உடைஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும்னு. அவருக்கு முன்னாடி இருந்தவரு அவருக்கு அதையேதான் சொல்லியிருப்பாரு."

ஜால்ராவைத் தட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஒலித்தது.

பதிவேடுகள் மூன்று. முதலாவதன் அட்டையில் 'சேலம் ஜில்லா' என்று இருந்தது. ஜில்லா போர்டு பள்ளியாகத் தொடங்கி, 1958-ஆம் வருடப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஒன்றியங்கள் உருவானதும் ஒன்றியத்தின் கைக்கு வந்த பள்ளி. இரண்டாவதில் 'தருமபுரி மாவட்டம்'. 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்தோம். மூன்றாவதில் 'கிருஷ்ணகிரி மாவட்டம்', 2004 பிப்ரவரிக்குப் பிறகு. ஒரே நாற்காலி மூன்று மாவட்டங்களில் இருந்திருக்கிறது. முதல் பதிவேட்டின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்: கைவைத்த நாற்காலி 2, முக்காலி 1, மண்பானை 2, தகர டம்ளர் 2. வலது ஓரத்தில் 'கழிவு' என்று ஒரு கட்டம். பானை உடைந்தால் தேதி போட்டு, 'உடைந்தது, கழிவு செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மண்பானைக்கே அவ்வளவு மரியாதை. அந்தக் கட்டத்தில் கடைசியாக விழுந்த கையெழுத்து 1990-களின் தொடக்கத்தில். அதற்குப் பிறகு முப்பது வருடமாக வரவு மட்டும்தான்.

ஏன் என்று கேட்டால் அக்கா சிரித்தாள். ஒரே அறைக்குள் எத்தனை சொந்தக்காரர்கள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். கட்டடமும் பெஞ்சும் ஒன்றியத்துடையவை. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள், கட்டடம் மட்டும் ஒன்றியத்திடமே தங்கிவிட்டது. சம்பளம் தருவது ஒரு துறை, தலைக்கு மேல் இருக்கிற கூரை இன்னொரு துறை. ஓட்டை விழுந்த அலுமினிய அண்டாவுக்குச் சத்துணவு அமைப்பாளர் தனிப் பதிவேடு வைத்திருக்கிறார். மானிட்டர் ஒரு திட்டத்துடையது, அந்தத் திட்டத்தின் பெயரே இரண்டு முறை மாறிவிட்டது. மின்விசிறிகள் உபயம். இறக்கையில் கொடுத்தவர் பெயரை எழுதியிருப்பதால், விசிறி எரிந்துபோனாலும் கழற்றினால் அந்தக் குடும்பத்துக்கு மனசு வருத்தமாகும். ஒவ்வொன்றையும் கழிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு இடத்துக்கும் எழுத வேண்டும். எழுதினால் ஆய்வுக்கு வருவார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் கேட்காத பொருளையும் எண்ணுவார்கள். பூட்டி வைத்துவிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கணக்கு முடிந்தது. பதிவேட்டில் இருந்து அறையில் இல்லாதவை பதினோரு உருப்படி: பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று, இரும்பு நாற்காலி இரண்டு, இப்படி. அறையில் இருந்து பதிவேட்டில் இல்லாதவை அதைவிட அதிகம். கழித்துக்கொள்ளலாமே என்றேன். "ஸ்டோர்ஸ்காரன் மாதிரி பேசாத" என்றாள்.

மறுநாள் காலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு இரும்பு நாற்காலிகளைத் தன் காசில், 1,800 ரூபாய்க்கு வாங்கினாள். எண் எழுத அரை லிட்டர் வெள்ளை பெயின்ட். ஆட்டோவில் ஏற்றும்போது ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் மங்கலாக எழுதியிருந்தது: ஊ.ஒ.தொ. பள்ளி. மேற்கொண்டு படிக்க முடியவில்லை. அக்காவிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பெயின்ட் அடிச்சா தெரியாது" என்றாள்.

முப்பத்தி நாலு வருடம் ஒரு சாக்பீஸ்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவள் அவள்.

கண்டம்

கட்டடத்தின் கதை தனி. முன்பக்கம் இருந்த ஓட்டுக் கட்டடத்தில்தான் நான் ஒன்றாம் வகுப்பு படித்தேன். தேக்குக் கைமரம், சீமை ஓடு, கருங்கல் சுவர். கல்லுக்கு இந்த ஊரில் பஞ்சமா? 2021 டிசம்பர் 17-இல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுவதும் பழைய பள்ளிக் கட்டடங்களைத் தேடித்தேடிப் பார்த்தார்கள். 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போன பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் இறங்கின. நம்மிடம் கூரை இறங்குவதற்குக்கூட அப்படி ஒன்று நடக்க வேண்டியிருக்கிறது என்பதை எழுதக் கை கூசுகிறது.

ஒன்றியத்திலிருந்து இன்ஜினியர் வந்தார், சுவரைத் தட்டினார், விரிசலை அளந்தார், 'கண்டம்', அதாவது இனி உதவாது, என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸானாலும் பள்ளிக்கூடமானாலும் நம் ஊரில் இந்த ஒரே சொல்தான். அன்றிலிருந்து பிள்ளைகள் உள்ளே போகக்கூடாது. முள்வேலி போட்டார்கள். ஆனால் கட்டடம் இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் அங்கேயே நின்றது. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், பொறியாளர் சான்று, ஒன்றியக் குழுத் தீர்மானம், ஆட்சியர் அலுவலகத்து ஆணை, இடிபொருளுக்கு மதிப்பீடு. நடுவில் அதிகாரி மாறுவார், காகிதம் முதலிலிருந்து தொடங்கும். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார். தீர்மானம் போட ஆளில்லாத இடத்தில் காகிதம் கொஞ்சம் வேகமாக நகர்ந்தது என்பதை ஒரு ஜனநாயகவாதியாக வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். பழையது இடியாமல் புதியது வராது. அக்கா ஓய்வு பெற்று ஒன்றரை மாதம் கழித்து, ஜூலையில் ஏல அறிவிப்பு ஒட்டினார்கள். கட்டடத்தோடு சேர்த்து, ஒப்படைப்பின்போது நான் தயாரித்த கழிவுப் பட்டியலில் இருந்த மரச்சாமான்களும் போயின. என் பட்டியல் ஏதோ ஒரு மேசையில் கையெழுத்தாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் ஏலம் பார்க்கப் போனேன்.

உண்மையைச் சொன்னால் திருடனைப் பார்க்கத்தான் போனேன். டீக்கடைப் பெஞ்சு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஒன்றிய அலுவலகக் கூட்ட அரங்கில் பத்துப் பேர். டேவணித் தொகை, அதாவது ஏலத்துக்கான முன்பணம், கட்டியிருந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் ஒரே தட்டில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அரசு மதிப்பு முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம், அதன் மேல் ஜி.எஸ்.டி. தனி. இருபது நாளில் இடித்து, கல் மண் எல்லாம் அள்ளி, தரையைச் சமன் செய்து தர வேண்டும் என்பது நிபந்தனை. ஏலம் ஆறு நிமிடம் நடந்தது. நூறு நூறாக ஏறி நாற்பத்தோராயிரத்தில் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். எடுத்தவர் அறுபது வயதுக்காரர், கதர்ச் சட்டை, காதோரம் பென்சில். நான் மனதுக்குள் தேக்குக் கைமரத்தின் விலையைப் போட்டுப் பார்த்தேன். கொள்ளை என்று தோன்றியது.

வெளியே புளியமரத்தடியில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒளிக்காமல் கணக்குச் சொன்னார். ஜேசிபி மணிக்கு இவ்வளவு, இத்தனை மணி. மண் அள்ள டிப்பர் இத்தனை நடை. ஓடு பாதி உடையும். கைமரத்தில் பாதி கரையான். "கதவு நிலை ஆறு இருக்குது சார், அதுதான் என் லாபம். அது செல்லரிச்சிருந்தா நான் காலி." நானும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். அவர் கணக்கில் பெரிய பொய் எதுவும் இல்லை. ஐந்து பேரும் வடையோடு சேர்த்து விலையையும் பேசி வைத்திருந்தார்கள் என்பது தெரிகிறது. இருந்தாலும் நான் தேடி வந்த கொள்ளை அங்கே இல்லை.

டீக்கடைப் பெஞ்சைப் பற்றிச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "அது நான் குடுத்ததுதானுங்க! வேற பள்ளிக்கூடத்து ஏலம். ரசீது வச்சிருக்கேன். ஊர்ப் பேரைச் சொரண்டிட்டுதான் விக்கணும்னு நானே சொல்லி வச்சிருக்கேன், பாக்கிறவங்க தப்பா நினைப்பாங்கல்ல."

அவ்வளவுதான். மூன்று மாதமாக மனதுக்குள் துரத்திக்கொண்டிருந்த திருடனின் பையில் ரசீது இருந்தது.

திருடன் கிடைத்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். போக முடியாமல் மறுபடி உள்ளே போனேன். கழிவுப் பட்டியலில் இருந்த பெஞ்சுகளில் ஒன்பதுக்கு மேல் நன்றாகவே இருந்தன. எனக்குத் தெரியும், நான்தான் உட்கார்ந்து பார்த்து எண்ணினேன். கால் ஆடுவதற்கு ஒரு ஆணி போதும். பள்ளிக்கு எதிரிலேயே அங்கன்வாடி இருக்கிறது. தடுப்பூசி நாளில் கைக்குழந்தையோடு வரும் பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்கள். ஏலத்தைக் கவனித்த பிரிவு எழுத்தரிடம் கேட்டேன்: "சார், இதுல ரெண்டு பெஞ்சை எதிர்ல அங்கன்வாடிக்குக் குடுத்திருக்கலாமே?"

அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதர், எனக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அங்கன்வாடி வேற துறை சார். குடுக்கணும்னா அவங்க கேக்கணும். கேட்டா நாங்க மதிப்புப் போடணும். மதிப்புப் போட்டா இலவசமா எப்படிக் குடுத்தீங்கன்னு கேப்பாங்க. பக்கத்து ஒன்றியத்துப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தாலும் இதே கதைதான். ஏலம் விட்டா ஒரு கேள்வியும் இல்ல சார். குடுத்தாதான் கேள்வி வரும்."

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கடைசி வரிதான். அதைச் சொன்னபோது அவர் குரலில் கிண்டலோ சலிப்போ இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். யோசிக்க யோசிக்க அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. ஒரு பெஞ்சு பொதுச்சொத்தாக இருக்கும்வரை அதை இன்னொரு பொது இடத்துக்கு நகர்த்த வழியில்லை. தனியாருக்கு விற்றால்தான் அது நகரும். டீக்கடைக்குப் போக ஒரு கையெழுத்து போதும், எதிர் வாசலில் இருக்கும் அங்கன்வாடிக்குப் போக நான்கு கையெழுத்து வேண்டும். ஏலம் என்பது நேர்மைக்காக வந்த ஏற்பாடு, எனக்கும் அதில் சந்தேகமில்லை. 'தெரிந்தவனுக்குக் கொடுத்துவிட்டான்' என்ற பேச்சு வராமல் இருக்கத்தான் எல்லோர் முன்னாலும் கூவி விற்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பயந்து பயந்து, கொடுப்பது என்ற வினைச்சொல்லையே அலுவலகத்திலிருந்து துரத்திவிட்டோம். டோலக் மழலையர் கையில் கிழிந்திருந்தால் குற்றம். எலி தின்றால் குற்றமில்லை, எலியிடம் கையெழுத்து கேட்க முடியாதல்லவா.

எனக்குத் தோன்றிய யோசனையை அக்காவிடம் சொன்னேன். ஒவ்வொரு மே மாதமும் ஒன்றியத்துப் பள்ளிகளில் மிஞ்சியதையெல்லாம் ஒரு மைதானத்தில் பரப்பி வையுங்கள். முதல் நாள் பள்ளி, அங்கன்வாடி, ஊர்ப்புற நூலகம், ஆரம்ப சுகாதார நிலையம் யார் வேண்டுமானாலும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துப் போகட்டும். இரண்டாம் நாள் மிச்சத்தை ஏலம் விடுங்கள். எங்கள் சிவப்புச் சீட்டு முறைதான், வேறொன்றும் இல்லை. அக்கா பொறுமையாகக் கேட்டாள். "சரி. முதல் நாள் எடுத்துக்கினு போறாங்கல்ல, அதுக்கு யாரு கையெழுத்துப் போடறது?" என்றாள்.

பொருளுக்கே இப்படியென்றால் இடத்துக்கு? 2019-இல் ஒரு மாணவர்கூட இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக்கப் போவதாக அறிவித்தார்கள். யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இந்தப் பக்கம் கிராமப் பள்ளிகள் பலவும் யாரோ ஒரு விவசாயி வாய்ச்சொல்லாகக் கொடுத்த இடத்தில் நிற்பவை. பள்ளி நடக்கும்வரை தாத்தாவின் தர்மம். பூட்டு விழுந்ததும் பேரன் பத்திரத்தைத் தேடத் தொடங்குவான். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தண்டவாளம்

ஆகஸ்ட் முதல் வாரம் கட்டடத்தை இடித்தார்கள். அக்கா வர மறுத்துவிட்டாள். நான் போனேன். ஜேசிபி முதல் தட்டுத் தட்டியதும் ஓடுகள் கொட்டிய சத்தத்தில் வேப்பமரத்துக் காக்காய்கள் அத்தனையும் கிளம்பின. ஊரே வேலி ஓரம் நின்றது. ஆளாளுக்கு செல்போனில் பிடித்தார்கள். மதியத்துக்குள் வராண்டா இறங்கிவிட்டது. அந்த வராண்டாவின் விட்டத்தில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்ததுதான் எங்கள் பள்ளி மணி. இரண்டரை அடி நீளத்தில் ஒரு தண்டவாளத் துண்டு. அடிப்பதற்கு ஒரு போல்ட்டு. எட்டாம் வகுப்பில் ஒரு வருடம் முழுக்க மணி அடித்தவன் நான். முதல் மணிக்கும் கடைசி மணிக்கும் போல்ட்டைப் பிடிக்கிற பிடியே வேறு.

மணி ஓட்டுக் குவியலுக்குள் விழுந்தது. ஆட்கள் அதை இழுத்து இரும்புச் சாமானோடு டெம்போவில் போட்டார்கள். வேலி ஓரம் நின்ற பெரியவர் ஒருவர் தடியை ஊன்றி முன்னால் வந்தார்.

"அது ரயிலு தண்டவாளம்ப்பா. இந்தப் பக்கம் ரயிலு ஓடிகினு இருந்துச்சே, அதுது."

சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், நம்பியதில்லை. பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் ஒரு குறுகிய பாதை ரயில் வந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் இன்னொன்று, 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டையும் இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மூடித் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கிருஷ்ணகிரி நகரத்துக்கு அதற்குப் பிறகு இன்றுவரை ரயில் இல்லை. ஒரு ரயில் பாதையையே கண்டம் பண்ணி ஏற்றிக்கொண்டு போனபோது சிந்தியதோ, யாரோ எடுத்து வைத்ததோ, இந்த ஒரு துண்டு மட்டும் எப்படியோ பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெரியவர் சொன்னதற்கு அத்தாட்சி கிடையாது. ஆனால் துண்டு இப்போதைய தண்டவாளத்தில் பாதி கனம்கூட இல்லை, குச்சியாக இருக்கும்.

மூன்று பதிவேட்டின் பட்டியலும் என் போனில் இருந்தது. உட்கார்ந்து தேடினேன். மண்பானை இருக்கிறது, தகர டம்ளர் இருக்கிறது, மணி இல்லை. சேலம் ஜில்லாவிலும் இல்லை, தருமபுரியிலும் இல்லை, கிருஷ்ணகிரியிலும் இல்லை. எழுபது வருடம் ஊரை எழுப்பியது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. எழுத்தருக்கு போன் போட்டேன். பதிவேட்டில் இல்லையென்றால் மதிப்பீட்டில் இல்லை, மதிப்பீட்டில் இல்லையென்றால் ஏலத்தில் போகவில்லை, அதனால் அது ஏலம் எடுத்தவருடையது ஆகாது என்றார். சரி, அப்படியென்றால் யாருடையது? கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது வந்து சார்..." என்றார். டெம்போ பக்கத்தில் நின்ற கதர்ச் சட்டைக்காரர், கட்டடத்தோடு ஒட்டியிருந்தது எல்லாமே ஏலம் எடுத்தவனுக்கு என்று நிபந்தனையில் இருப்பதைச் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்.

கடைசியில் காயலான் கடைக்கே போய்த் தராசில் வைத்தோம். பன்னிரண்டு கிலோ. கிலோ முப்பத்திரண்டு ரூபாய். 384 ரூபாயைக் கதர்ச் சட்டைக்காரர் கையில் கொடுத்தேன். "ரசீது வேணுமா சார்?" என்று சிரித்தார். வேண்டும் என்றேன்.

ஒரு வாரம் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அக்கா தினமும் போன் பண்ணினாள். "பள்ளிக்கூடத்துச் சாமானை வீட்டுல வச்சுக்காத." காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்றாலும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போனேன். புதிய தலைமையாசிரியர் நாற்பது வயதுக்காரர், சுறுசுறுப்பானவர். முதலில் தயங்கினார். பள்ளிச் சொத்தைத் திரும்ப வாங்குவதற்கு ஒரு பதிவேடும் இல்லையாம். நன்கொடைப் பதிவேடு இருக்கிறது, அதில் ஏற்றலாம் என்றார். என் முன்னாலேயே எழுதினார்: இரும்பு மணி (தண்டவாளத் துண்டு) 1, எடை 12 கிலோ, மதிப்பு ரூ.384, உபயம் என்று போட்டு என் பெயர். வாழ்க்கையில் முதல்முறையாக உபயதாரர் ஆனேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போகவேண்டி வந்தது. புதிய கட்டடம் ஜன்னல் மட்டத்தைத் தாண்டிவிட்டது. அதுவரைக்கும் பின்பக்கக் கட்டடத்தில் நெருக்கிக்கொண்டு வகுப்புகள். மணியைத் தேடினேன், எங்கும் தொங்கவில்லை.

"பத்திரமா இருக்கு சார்" என்று தலைமையாசிரியர் பீரோவைத் திறந்து காட்டினார். கீழ்த்தட்டில், பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தார். ஓரத்தில் வெள்ளை பெயின்டில் புதிதாக எழுதியிருந்தது: 1/1. "பதிவேட்டுல ஏறிடுச்சில்ல, வெளியே மாட்டினா யாராவது தூக்கிக்கினு போயிடுவாங்க. அப்புறம் நான்தான் சார் பதில் சொல்லணும். இப்ப கரண்ட் பெல் இருக்கு." பீரோவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. நாலு பத்து ஆனதும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சத்துணவுக் கூடத்துக்கு ஓடினான். ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று தட்டத் தொடங்கினான். கடைசி மணிக்கு உரிய அடிதான்.